புல்பேக் பாட்: 78% வெற்றி, ஆனாலும் கணக்கு நஷ்டத்தில். ஸ்பைக் ஃபில்டரை எப்படிச் சரிசெய்வது?

இறக்கம்தேடி

வணக்கம் நண்பர்களே. ஐந்து மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாட் (தானாக வாங்கி விற்கும் புரோகிராம்) பற்றி உங்களிடம் கேட்க வேண்டும். ஏற்றத்துக்கு நடுவே வரும் தற்காலிக இறக்கத்தில், அதாவது புல்பேக்கில், வாங்குவதுதான் அதன் வேலை. பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். விதிகளை முழுதாகச் சொல்லாமல் கேட்டால் பதில் சொல்பவர்களுக்குச் சிரமம்.

15 நிமிட கேண்டில், அதாவது ஒவ்வொரு 15 நிமிடத்தின் விலை அசைவையும் காட்டும் ஒரு கட்டம். விலை 200 கேண்டில் இஎம்ஏவுக்கு (அண்மை விலைகளுக்கு அதிக எடை தரும் நகரும் சராசரி) மேலே இருந்தால் மட்டுமே வாங்கும். அந்த ஏற்றத்துக்குள் 2 பீரியட் ஆர்எஸ்ஐ (அண்மை ஏற்றங்களையும் இறக்கங்களையும் ஒப்பிடும், 0 முதல் 100 வரையான அளவு) 10க்குக் கீழே இறங்கினால், கேண்டில் முடிந்த விலைக்கு 0.2% கீழே லிமிட் ஆர்டர் (அந்த விலையிலோ அதற்குக் கீழேயோ மட்டும் வாங்கும் ஆர்டர்) வைக்கும். 5 கேண்டில் சராசரிக்கு மேலே விலை முடிந்ததும் விற்றுவிடும். ஸ்டாப் லாஸ், அதாவது குறிப்பிட்ட அளவு நஷ்டம் வந்ததும் தானாக விற்கும் ஆர்டர், கிடையாது. பல அளவுகளில் வைத்துப் பார்த்தேன், பேக்டெஸ்டில் (பழைய தரவில் ஓட்டிப் பார்க்கும் சோதனை) ஒவ்வொரு முறையும் முடிவு மோசமானதால் எடுத்துவிட்டேன். எட்டு சிம்பல்களில் (வாங்கி விற்கும் பொருள்களில்) ஒரே நேரத்தில் ஓடுகிறது.

திடீர்ப் பெரிய அசைவில் வாங்காமல் தடுக்கும் ஸ்பைக் ஃபில்டரும் இருக்கிறது. கடைசி 10 கேண்டில்களின் ஏற்ற இறக்கத்துக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு) கணக்கிட்டு, இப்போதைய கேண்டில் அந்தச் சராசரியிலிருந்து 3 திட்ட விலக்கத்துக்கு மேல் தள்ளிப் போயிருந்தால் வாங்காதே என்று எழுதியிருக்கிறேன்.

ஐந்து மாதத்தில் 212 டிரேடுகள். 165 லாபம், 47 நஷ்டம். கமிஷன் போக, லாப டிரேடின் சராசரி 0.5%, நஷ்ட டிரேடின் சராசரி 2.1%. எல்லாவற்றையும் கூட்டினால் நஷ்டம். ஆனால் அந்த 47இல் மூன்று மட்டும் 14%, 11%, 9%. இந்த மூன்றும் இல்லையென்றால் கணக்கு நன்றாக லாபத்தில் இருந்திருக்கும். மூன்றும் இறக்கம் பெரிதாகத் தொடங்கிய நேரத்தில் வாங்கியவை.

எல்லையை 3இலிருந்து 2.5ஆகக் குறைத்தால் போதுமா? இல்லை, அடிப்படையிலேயே தவறு இருக்கிறதா? இதற்காக நிறைய இரவுகளைக் கொடுத்திருக்கிறேன். கைவிட மனமில்லை.

நிதானி

உண்மையான எண்களை வைத்துக் கேட்டதற்கு முதலில் நன்றி. இங்கே பலரும் வெற்றி சதவீதத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

உங்கள் எண்களிலேயே ஒரு பதில் இருக்கிறது. லாபம் 0.5, நஷ்டம் 2.1 என்றால் லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்க எத்தனை சதவீதம் ஜெயிக்க வேண்டும்? 2.1ஐ, இரண்டின் கூட்டுத்தொகையான 2.6ஆல் வகுங்கள். கிட்டத்தட்ட 81%. நீங்கள் ஜெயித்தது 78%. வெற்றி சதவீதம் பெரிதாகத் தெரிகிறதே தவிர, இந்த அமைப்புக்கு அது போதாது.

இது உங்கள் பாட்டின் குறை மட்டுமல்ல, இறக்கத்தில் வாங்கும் எல்லா உத்திகளுக்கும் இயல்பே இதுதான். சின்னச் சின்ன லாபம் நிறைய, பெரிய நஷ்டம் எப்போதாவது. காப்பீடு விற்பவரின் வரவுசெலவு மாதிரி. பிரீமியம் தினமும் வரும், விபத்து ஒருநாள் வரும்.

இந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். குறுகிய காலத்தில் விழுந்த பங்குகள் அடுத்த சில நாட்களிலோ வாரங்களிலோ ஓரளவு மீள்கின்றன என்பதை 1990இலேயே ஆய்வாளர்கள் புரூஸ் லேமன் வாராந்திரத் தரவிலும், நரசிம்மன் ஜெகதீஷ் மாதாந்திரத் தரவிலும் காட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அதற்குச் சொன்ன முக்கியமான விளக்கம், அவசரத்தில் விற்பவர் கொடுக்கும் கூலி அது என்பது. யாரோ ஒருவருக்கு இப்போதே பணம் வேண்டும், விலை கொஞ்சம் கீழே போனாலும் பரவாயில்லை என்று விற்கிறார். நீங்கள் எதிரில் நின்று வாங்கிக்கொள்கிறீர்கள். அவசரம் தீர்ந்ததும் விலை பழைய இடத்துக்கு வருகிறது.

ஆனால் எதிரில் விற்பவருக்கு அவசரம் இல்லாமல், உங்களுக்குத் தெரியாத ஒரு செய்தி தெரிந்திருந்தால்? அப்போது கூலி கொடுப்பவர் நீங்கள். உங்கள் மூன்று பெரிய நஷ்டங்களும் இந்த இரண்டாவது வகையாகத்தான் இருக்கும். விற்பவர் அவசரக்காரரா, விஷயம் தெரிந்தவரா என்பதை ஓரளவாவது பிரித்தறிவதுதான் ஃபில்டரின் வேலை. 3, 2.5 என்று எண்ணை நகர்த்துவதால் அது நடந்துவிடாது.

எண்கணி

ஒரே ஒரு கேள்வி. இந்த ஐந்து மாதத்தில் உங்கள் ஃபில்டர் எத்தனை முறை ஆர்டரைத் தடுத்தது? லாக்கில் (பாட்டின் பதிவேட்டில்) எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

எனக்குத் தெரிந்து பதில் பூஜ்யமாக இருக்கும். காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் எடுக்கும் 10 கேண்டில்களில் இப்போதைய கேண்டிலும் ஒன்று என்றே படிக்கும்போது தெரிகிறது. அப்படியானால் ஒன்பது கேண்டில் அசையாமல் 0இல் கிடக்கட்டும், பத்தாவது மட்டும் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் விழட்டும். விழுந்த அளவை 100 என்று வைப்போம். சராசரி 10 ஆகிவிடும். திட்ட விலக்கம் 31.6 ஆகிவிடும். சராசரியிலிருந்து தூரம் 90. 90ஐ 31.6ஆல் வகுத்தால் 2.85. விழுந்தது 100 இல்லை, 10,000 என்றாலும் அதே 2.85தான், ஏனென்றால் அந்தக் கேண்டில் தன்னை அளக்கும் அளவுகோலையும் சேர்த்து இழுத்து நீட்டிவிடுகிறது. பத்துக் கேண்டில் ஜன்னலில் 3ஐத் தாண்டுவது கணக்குப்படியே முடியாத காரியம்.

பைதான் மொழியின் பாண்டாஸ் நூலகத்தில் திட்ட விலக்கம் எடுத்தால் உச்சவரம்பு இந்த 2.85. நம்பை (NumPy) நூலகத்தில் எடுத்தால், அது இயல்பாக வேறு வகுஎண்ணை எடுப்பதால், வரம்பு சரியாக 3. ‘3க்கு மேல்’ என்று எழுதியிருந்தால் அங்கேயும் தாண்டாது.

2.5 வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைத்தால் சில சமயம் தடுக்கும். ஆனால் மற்ற ஒன்பது கேண்டில்களின் சொந்தத் திட்ட விலக்கத்தோடு ஒப்பிட்டால், அது சுமார் 5.5 மடங்கு அசைவு வந்தால்தான் விழித்துக்கொள்ளும். 2.5 என்று நினைத்து 5.5க்கு வாழ்ந்துகொண்டிருப்பீர்கள்.

இறக்கம்தேடி

எண்கணி அக்கா, இப்போதுதான் லாக்கைத் திறந்து தேடினேன். ஃபில்டர் தடுத்த வரி ஒன்றுகூட இல்லை. ஐந்து மாதத்தில் பூஜ்யம். பேக்டெஸ்ட் லாக்கிலும் பூஜ்யம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேக்டெஸ்டில் ஃபில்டர் போட்டும் போடாமலும் ஓட்டியபோது இரண்டு முடிவும் ஒரு தசமம்கூட மாறாமல் வந்தது. ‘ஃபில்டர் நல்ல டிரேடுகளைக் கெடுக்கவில்லை’ என்று நான் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மனசு கனமாக இருக்கிறது, ஆனால் தெரிந்துகொண்டது பெரிய நிம்மதி.

எண்கணி

வருத்தப்படாதீங்க தம்பி, இந்தப் பிழை நிறையப் பேரின் கோடில் இருக்கிறது. திருத்தம் இரண்டே வரி.

முதலாவது, அளவுகோலில் இப்போதைய கேண்டிலைச் சேர்க்காதீர்கள். முந்தைய கேண்டில்களை மட்டும் வைத்து அளவுகோல் செய்து, அதைக்கொண்டு இப்போதையதை அளங்கள்.

இரண்டாவது, சராசரிக்குப் பதில் இடைநிலை, அதாவது மீடியன். ஏன் என்று ஒரு சின்ன உதாரணம். வழக்கமான கேண்டிலின் உயரம் 1 என்று வைப்போம். 14 கேண்டில் ஜன்னல். அதில் அடுத்தடுத்து இரண்டு கேண்டில் 6 உயரத்துக்கு வந்துவிட்டன. சராசரி 24ஐ 14ஆல் வகுத்து 1.71. அதன் மூன்று மடங்கை எல்லையாக வைத்தால் 5.14. இப்போது மூன்றாவதாக 4 உயரத்தில் ஒரு சிவப்புக் கேண்டில் (விலை இறங்கி முடிந்தது) வருகிறது. வழக்கத்தைவிட நான்கு மடங்கு பெரியது, ஆனாலும் ஃபில்டர் ‘சாதாரணம்’ என்று விட்டுவிடும். மீடியன் வைத்திருந்தால் அது இன்னும் 1இலேயே நிற்கும், எல்லை 3, இந்த 4 மாட்டிக்கொள்ளும். முதல் அடி அடுத்த அடிகளை மறைப்பதுதான் சராசரியின் ஆபத்து. ஏடிஆரும் (கேண்டில்களின் சராசரி ஏற்ற இறக்க அளவு) சராசரிதான், அதே நோய் அதற்கும் உண்டு.

பெரிய அசைவுக்குப் பின்னால் பெரிய அசைவே வரும் என்று பருத்தி விலைகளை ஆராய்ந்த கணிதவியலாளர் மாண்டல்பிராட் 1963இலேயே எழுதினார். ஸ்பைக் கேண்டிலைத் தவிர்த்தால் மட்டும் போதாது. அதற்குப் பின்னால் சில கேண்டில்களுக்கு வாங்காமல் ஒதுங்கி நிற்பதும் வேண்டும்.

பழைய_ஆர்டர்

இதுவரை சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இழை போகும் திசையில் ஒரு ஆபத்து தெரிகிறது, அதைச் சொல்லியாக வேண்டும்.

நானும் இதே மாதிரி ஃபில்டர் எழுதினேன். நன்றாக வேலை செய்தது, பெரிய நஷ்டங்கள் எல்லாம் போய்விட்டன. கூடவே பெரிய லாபங்களும் போய்விட்டன. ஒரு மாதம் உட்கார்ந்து, ஃபில்டர் தடுத்த ஒவ்வொரு டிரேடையும் சார்ட்டில் போட்டுப் பார்த்தேன். இந்த உத்தியில் எனக்கு வந்துகொண்டிருந்த லாபத்தில் பெரும்பகுதி வேகமாக விழுந்து வேகமாக எழுந்த நாட்களில்தான் வந்திருக்கிறது. நிதானி சொன்ன அந்த அவசரக்காரரின் கூலி, அவசரம் அதிகமாகும்போதுதானே உயரும்? மெதுவாக, ஒழுங்காக இறங்கும் இறக்கத்தில் கூலி ஸ்ப்ரெட்டுக்கும் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி) கமிஷனுக்குமே சரியாகப் போய்விடுகிறது.

அதனால் ஸ்பைக் என்றால் வாங்காதே என்பதை ஸ்பைக் என்றால் *இப்போது* வாங்காதே என்று மாற்றினேன். பெரிய சிவப்புக் கேண்டில் வந்தால் பாட் காத்திருக்கும். அடுத்து வரும் கேண்டில்களில் ஒன்று புதிய தாழ்வைத் தொடாமல் முடிய வேண்டும். ஸ்ப்ரெட் வழக்கமான அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஆர்டர். இதனால் சரியான அடிமட்ட விலை ஒருநாளும் கிடைக்காது, கொஞ்சம் மேலேதான் வாங்குவேன். அந்த வித்தியாசத்தை மனதார விட்டுக்கொடுக்கிறேன்.

அடிமட்டத்தில் வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. 2010 மே 6 நினைவிருக்கிறதா? அமெரிக்காவின் டவ் பங்குக் குறியீடு சில நிமிடங்களில் கிட்டத்தட்ட 1,000 புள்ளி வரை சரிந்து மீண்ட நாள். அக்சென்ச்சர் பங்கு 1 சென்ட்டுக்குக் கைமாறியது. அந்த நேரத்தில் 1 சென்ட்டுக்கு வாங்கியவர் அதிர்ஷ்டசாலி இல்லை. சரிவுக்கு முந்தைய விலையிலிருந்து 60% அல்லது அதற்கு மேல் விலகிய டிரேடுகளைப் பங்குச்சந்தைகள் அன்று மாலையே ரத்து செய்துவிட்டன. உங்கள் பாட் 1 சென்ட்டில் வாங்கி, விலை மீண்டதும் நல்ல விலையில் விற்றிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியது ரத்து, விற்றது செல்லும். கையில் இல்லாத பங்கை விற்ற நிலையில் நிற்பீர்கள். ஒரு எல்லைக்குக் கீழே விழுந்தால் அது புல்பேக்கே இல்லை, தொடாதே என்ற விதி இதற்காகவே வேண்டும்.

மேல்நிழல்

எல்லாரும் கீழ்நோக்கிய ஸ்பைக்கைப் பத்தியே பேசுறீங்க. என்னை நோகடிச்சது மேல்நோக்கிப் போன ஸ்பைக்.

என் பாட் புல்பேக்கை இப்படி அளக்கும்: கடைசி 50 கேண்டிலோட உச்சத்திலிருந்து எத்தனை சதவீதம் கீழே இருக்கோம்? 8% கீழே வந்தா வாங்கு. ஒரு நாள் ஒரு சிம்பல் 100 பக்கத்திலேயே ஆடிக்கிட்டிருந்தது. ஆர்டர் புத்தகம் (காத்திருக்கிற ஆர்டர்களோட பட்டியல்) காலியா இருந்த ஒரு நொடியில யாரோ, கிடைச்ச விலைக்கு வாங்குற பெரிய மார்க்கெட் ஆர்டர் போட்டிருக்காங்க, விலை 130 வரை போய் அதே கேண்டில்ல திரும்பி வந்துடுச்சு. சார்ட்ல பார்த்தா ஒரு நீளமான குச்சி மட்டும். பாட்டுக்கு அது உச்சம். விலை 102ல நிக்கும்போது அதோட கணக்குல 21.5% இறக்கம். நிஜத்துல விலை வழக்கத்தைவிட 2% *மேலே* இருக்கு. வாங்குச்சு. அந்த 50 கேண்டில் கடந்து போற வரைக்கும் விற்க விற்கத் திரும்பத் திரும்ப வாங்குச்சு. ஒரே நாள்ல ஒன்பது தடவை. நான் தூங்கி எழுந்து லாக்கைப் பார்த்தப்ப ஒன்பது வரியும் ஒரே மாதிரி, ‘இறக்கம் 20%க்கு மேல், வாங்கு’ன்னு.

இப்ப உச்சத்தை கேண்டிலோட உயர்ந்தபட்ச விலையில எடுக்குறதில்ல, முடிவு விலைகள்ல இருந்து எடுக்குறேன். அதுலயும் முதல் ரெண்டைத் தள்ளிட்டு மூணாவது உயர்ந்ததை எடுக்குறேன். அந்தக் குச்சி வந்த மாதிரி நாள் மறுபடியும் வந்தது, பாட் அசையவே இல்ல.

நிதானி

மேல்நிழல் சொன்னது தங்கமான விஷயம். புல்பேக் என்பதற்கு இரண்டு முனை உண்டு, எங்கிருந்து, எங்கே. எல்லாரும் இரண்டாவது முனையையே சுத்தம் செய்கிறோம்.

இதோடு சேர்த்து இறக்கம்தேடியின் ஆர்எஸ்ஐயையும் பார்க்க வேண்டும். வெல்ஸ் வைல்டர் 1978இல் ஆர்எஸ்ஐயை வெளியிட்டபோது 14 பீரியட் வைத்தார். 2ஆகக் குறைத்தால் அது அசைவின் அளவையே மறந்துவிடுகிறது. சாதாரண சராசரியில் கணக்கிட்டால், அடுத்தடுத்து இரண்டு கேண்டில் துளி இறங்கினாலும் ஆர்எஸ்ஐ 0, மலைபோல் இறங்கினாலும் 0. உங்கள் என்ட்ரி விதிக்குத் திசை மட்டும் தெரியும், அளவு தெரியாது. அளவைச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் அந்த ஃபில்டர். அது ஐந்து மாதமாக வாயே திறக்கவில்லை.

இறக்கம்தேடி

இதெல்லாம் சேர்ந்துதான் அந்த 14% நஷ்டம் என்று இப்போது புரிகிறது. ஸ்டாப் லாஸ் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? பேக்டெஸ்டில் 1%, 2%, 3% எதை வைத்தாலும் கெடுத்தது.

நிதானி

நெருக்கமான ஸ்டாப் இந்த உத்தியோடு ஒத்துப்போகாது, உங்கள் பேக்டெஸ்ட் பொய் சொல்லவில்லை. விலை விழுந்ததால் வாங்குகிறீர்கள். இன்னும் விழுந்தால், உங்கள் தர்க்கப்படி வாங்கும் காரணம் கூடுகிறது. சரியாக அந்த இடத்தில் ஸ்டாப் உங்களை வெளியே தள்ளுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்.

நான் மூன்று வேலி வைக்கிறேன். ஒன்று நேர வேலி. என் டிரேடுகளில் ஜெயித்தவை எத்தனை கேண்டிலில் ஜெயித்தன என்று எண்ணினேன். பத்தில் ஒன்பது 12 கேண்டிலுக்குள் முடிந்துவிட்டன. அதற்கு மேல் இழுக்கும் டிரேட் பெரும்பாலும் என் கணிப்பு தப்பிய டிரேட், அதனால் 12இல் வெளியே வந்துவிடுவேன். அடுத்தது தூரத்து ஸ்டாப், வழக்கமான நாளில் விலை தொடவே தொடாத தூரத்தில்.

மூன்றாவது, ஒரு டிரேடுக்குப் போடும் தொகை. உண்மையான பாதுகாப்பு இது ஒன்றுதான். 2015 ஜனவரி 15ஐப் பாருங்கள். யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று 2011 செப்டம்பரிலிருந்து காத்துவந்த சுவிஸ் தேசிய வங்கி அன்று காலை முன்னறிவிப்பின்றி கைவிட்டது. 1.20ஐ ஒட்டி வரும் ஒவ்வொரு இறக்கமும் வாங்கத் தகுந்தது என்று அதுவரை எல்லாத் தரவும் சொன்னது. சில நிமிடங்களில் 1.00க்கும் கீழே. ஸ்டாப் லாஸ் போட்டிருந்தவர்களுக்கும் அந்த விலையில் விற்பனை கிடைக்கவில்லை, எதிரில் வாங்க ஆளில்லை. ஸ்டாப் என்பது ஒரு வேண்டுகோள்தான், உத்தரவாதம் இல்லை. கையில் வைத்திருந்த அளவு சிறிதாக இருந்தவர்கள் மட்டுமே அடுத்த நாள் கணக்கோடு இருந்தார்கள்.

எண்கணி

ஃபில்டரை எழுதும் முறையிலும் ஒன்று கவனியுங்கள் தம்பி. ‘ஸ்பைக் அளவு 3க்கு மேல் என்றால் தடு’ என்று எழுதாதீர்கள். ‘ஸ்பைக் அளவு 3க்குள் இருந்தால் மட்டும் அனுமதி’ என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்றல்ல.

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. விலை பூஜ்யத்துக்குக் கீழே. உங்கள் பாட் மடக்கை (லாகரிதம்) வைத்து ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடுவதாக இருந்தால், எதிர்ம எண்ணுக்கு மடக்கை கிடையாது, விடை ‘எண் அல்ல’ என்று வரும். எண் அல்லாத ஒன்றை 3ஐவிடப் பெரியதா என்று கேட்டால் கணினி ‘இல்லை’ என்றே சொல்லும். தடுக்கும் விதி தடுக்காது, பாட் வாங்கிவிடும். அனுமதிக்கும் விதியாக எழுதியிருந்தால், 3க்குள் இருக்கிறதா என்ற கேள்விக்கும் ‘இல்லை’ என்றே பதில் வரும், பாட் சும்மா இருக்கும். தரவு ஒரு கேண்டில் விட்டுப்போனாலும் இதே கதை. எண்ணெய் ஒப்பந்தம் அபூர்வம், தரவு விட்டுப்போவது வாரம் ஒருமுறை நடப்பது.

பழைய_ஆர்டர்

லிமிட் ஆர்டர் பற்றியும் யாரும் கேட்கவில்லை. முடிவு விலைக்கு 0.2% கீழே வைக்கிறீர்கள். பேக்டெஸ்டில் விலை அந்த இடத்தைத் தொட்டாலே வாங்கியதாகக் கணக்கா?

இறக்கம்தேடி

ஆமாம். கேண்டிலின் தாழ்வு என் விலைக்குச் சமமாகவோ கீழேயோ இருந்தால் வாங்கியதாக எடுத்துக்கொள்கிறது.

பழைய_ஆர்டர்

அதில் ‘சமமாக’ என்பதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். குறைந்தது ஒரு டிக்காவது (விலை நகரும் மிகச் சிறிய அளவு) கீழே போயிருக்க வேண்டும் என்று வையுங்கள்.

அந்த விலையில் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். விலை வந்து தொட்டுவிட்டு உடனே மேலே போனால் அவர்களுக்குக் கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது. விலை உங்களைத் துளைத்துக்கொண்டு கீழே போனால் கண்டிப்பாகக் கிடைக்கும். ஆக, அருமையான டிரேடுகளைத் தவறவிட்டு, மோசமானவற்றை ஒன்று விடாமல் வாங்குகிறீர்கள். தொட்டாலே கிடைத்ததாக எண்ணும் பேக்டெஸ்ட் அந்த அருமையான டிரேடுகளையெல்லாம் உங்களுக்குப் பரிசாகக் கொடுத்துவிடும். இதை மாற்றிய பிறகு என் உத்திகளில் இரண்டைத் தூக்கிப் போட வேண்டி வந்தது. ஆறு மாத உழைப்பு. ஆனால் நேரடிச் சந்தையில் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

மேல்நிழல்

இன்னொரு கேள்வி. அந்த மூணு பெரிய நஷ்டமும் எந்தெந்த நாள்ல வந்துச்சு?

இறக்கம்தேடி

பார்த்துவிட்டேன். 14%ம் 11%ம் ஒரே நாள். 20 நிமிட இடைவெளியில் வெவ்வேறு சிம்பலில் வாங்கியிருக்கிறது. அன்று எட்டில் ஆறு சிம்பல்களில் வாங்கியிருந்தது. மற்ற நான்கும் சின்ன நஷ்டம் என்பதால் நான் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

நிதானி

அப்படியானால் அது ஆறு டிரேட் இல்லை, ஆறு மடங்கு பெரிய ஒரே டிரேட். எட்டு சிம்பலில் பிரித்துப் போட்டால் ஆபத்து பரவிவிடும் என்பது அமைதியான நாளுக்கு மட்டும் உண்மை. எல்லாம் சேர்ந்து விழும் நாளில்தான் புல்பேக் பாட் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் சிக்னல் பார்க்கிறது.

இது பெரிய நிறுவனங்களுக்கே நடந்தது. 2007 ஆகஸ்ட் 7, 8, 9 ஆகிய மூன்று நாட்களில், விழுந்ததை வாங்கி எழுந்ததை விற்கும் கணினி உத்திகள் அமெரிக்கச் சந்தையில் ஒன்றுசேர அடி வாங்கின. மறுநாள் 10ஆம் தேதி பெருமளவு மீண்டன. ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ லோவும் அமீர் கந்தானியும் இதை எளிமையான ஒரு உத்தியைக் கொண்டு மறுபடி நடத்திக் காட்டினார்கள். பெரிய குறியீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நாட்களில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஒரே மாதிரி சரக்கை வைத்திருந்தவர்கள் ஒரே நேரத்தில் விற்க வேண்டி வந்ததுதான் காரணம் என்பது அவர்கள் விளக்கம். மூன்றாவது நாள் தாங்க முடியாமல் வெளியேறியவர்களுக்கு நான்காவது நாளின் மீட்சி கிடைக்கவில்லை.

எட்டில் மூன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் சிக்னல் வந்தால், அது சந்தை முழுவதுக்கும் ஏதோ நடக்கிறது என்ற செய்தி. எந்தச் சிக்கலான ஃபில்டரையும்விட இந்த எண்ணிக்கை நன்றாக எச்சரிக்கும் என்பது என் அனுபவம்.

எண்கணி

பாட்டுக்கு வெளியே ஒரு நிறுத்தும் பொத்தானும் வேண்டும், தனி புரோகிராமாக. ஒரு நாளில் இத்தனை ஆர்டர், இத்தனை நஷ்டம், அதற்கு மேல் போனால் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு நிற்க வேண்டும். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய புரோகிராமை ஏற்ற மறந்துவிட்டது. அதில் பல வருடமாகத் தூங்கிக்கிடந்த பழைய கோட் விழித்துக்கொண்டு ஆர்டர்களைக் கொட்டியது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். மேல்நிழலின் ஒன்பது ஆர்டரும் சின்ன அளவில் அதே வகைதான். நான்காவது ஆர்டரிலேயே வெளியிலிருந்து ஒன்று நிறுத்தியிருக்கும்.

இறக்கம்தேடி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தேன், ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பேக்டெஸ்ட் ஓட்டினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது அல்லவா?

முதலில் லிமிட் ஆர்டரைத் திருத்தினேன். பேக்டெஸ்ட் லாபம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் அந்தப் பாதிதான் நேரடிக் கணக்கோடு முதல்முறையாக ஒத்துவந்தது.

ஃபில்டரை மீடியனுக்கு மாற்றி, இப்போதைய கேண்டிலை வெளியே எடுத்து, அனுமதி விதியாக எழுதினேன். ஸ்பைக் வந்தால் 4 கேண்டில் ஒதுங்கி நிற்கும், பிறகு பழைய_ஆர்டர் ஐயா சொன்ன மாதிரி புதிய தாழ்வு இல்லாமல் ஒரு கேண்டில் முடிந்தால்தான் வாங்கும். ஒரே நேரத்தில் மூன்று சிம்பலுக்கு மேல் கிடையாது. 12 கேண்டில் நேர வேலி. எண்களை எதற்காகவும் நன்றாக வரும்வரை தேடித் தேடி மாற்றவில்லை. 4க்குப் பதில் 3, 5, 6 வைத்தாலும் முடிவு பெரிதாக மாறவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

அந்த ஐந்து மாதத்தை மறுபடி ஓட்டியதில், 14%, 11% டிரேடுகள் இரண்டும் நடக்கவே இல்லை. மொத்தக் கணக்கு சிறிய லாபத்தில். வெற்றி சதவீதம் 78இலிருந்து 71க்கு இறங்கிவிட்டது, நஷ்டத்தின் சராசரி அதைவிட நன்றாக இறங்கியிருக்கிறது.

ஆனால் 9% நஷ்டத்தை எந்த ஃபில்டரும் பிடிக்கவில்லை. சார்ட்டைத் திறந்து பார்த்தேன். அது ஸ்பைக்கே இல்லை. ஆறு மணி நேரம், 24 கேண்டில், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. ஒரு கேண்டில்கூட வழக்கத்தின் இரண்டு மடங்கைத் தாண்டவில்லை. நேர வேலி 12இல் வெளியேற்றியதால் 9% என்பது 5% ஆனது, அவ்வளவுதான். முதல் பதிவில் மூன்றையும் ஒரே வகை என்று எழுதியது என் கவனக்குறைவு.

எண்கணி

நல்ல வேலை தம்பி. ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்ததுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

அந்த 9%க்கு, கேண்டிலை ஒற்றையாக அளப்பதோடு 24 கேண்டிலின் மொத்த இறக்கத்தையும் அளங்கள். விலை திசையில்லாமல் ஆடினால், 24 கேண்டிலில் அது போகும் தூரம் ஒரு கேண்டில் தூரத்தின் 24 மடங்காக இருக்காது, 24இன் வர்க்கமூலம், சுமார் 4.9 மடங்காகத்தான் இருக்கும். ஒரு கேண்டில் மீடியன் 0.3% என்றால் 24 கேண்டிலில் 1.5% இயல்பு. மூன்று மடங்கு எல்லை 4.5%. அதற்கு மேல் இறங்கியிருந்தால், ஒவ்வொரு கேண்டிலும் சாந்தமாகத் தெரிந்தாலும், பின்னால் யாரோ விடாமல் விற்றுக்கொண்டிருக்கிறார். அது புல்பேக் இல்லை.

இறக்கம்தேடி

இப்போதே அந்த டிரேடுக்கு மட்டும் கையால் கணக்குப் போட்டேன் அக்கா. மீடியன் 0.28%. 4.9ஆல் பெருக்கி, மூன்று மடங்கு எடுத்தால் எல்லை 4.1%. பாட் வாங்கிய நொடியில் முந்தைய 24 கேண்டிலின் மொத்த இறக்கம் 4.6%. தடுத்திருக்கும்.

ஒரு டிரேடுக்குப் பொருந்துவதால் மட்டும் நம்ப மாட்டேன். இந்த விதியை இதுவரை தொடாத பழைய இரண்டு வருடத் தரவில் ஓட்டி, தடுத்த டிரேடுகள் ஒவ்வொன்றையும் சார்ட்டில் பார்த்துவிட்டு, எத்தனை நல்லவை, எத்தனை கெட்டவை என்று இங்கேயே எழுதுகிறேன். அதுவரை பாட், உண்மைப் பணம் போடாமல், காகிதக் கணக்கில் மட்டும் ஓடும்.